முன்வரிசை கிடையாது

பண்டத்தரிப்புச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் எங்கள் கதிரைக் கடை. கதிரை விற்கிற கடையில்லை. கல்யாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எதுவென்றாலும் சனம் இருக்கக் கதிரையும் பந்தலும் வாடகைக்கு விடுகிற கடை. அப்பாவுக்குப் பிறகு அக்கா உதயகலாதான் நடத்தினாள். இப்போது ஊருக்கு ஊர் குளிரூட்டிய மண்டபம் வந்துவிட்டது. கதிரையும் அங்கேயே இருக்கிறது. எங்களுடையவை தகரக் கொட்டகைக்குள் பல்லிகளுக்கு மாடிவீடாகக் கிடந்தன.

அக்காவுக்கு மிஞ்சியிருந்த ஒரே பெரிய வேலை கோயில் திருவிழா. திருவிழா முடியும்வரை எங்கள் கதிரைதான். அந்த வரும்படியில்தான் அவளுக்கு வருசம் ஓடியது.

யோசனை என்னுடையது. நுண்கலை படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவள் நான். சும்மா இருக்கிறவளுக்கு வாய் நீளம்.

"கொட்டகை இருக்கு, கதிரை இருக்கு, சவுண்ட் பொக்ஸ் இருக்கு. ஆக்கள்தான் இல்லை. கதிரையை ஆக்களிட்டை அனுப்பினது காணுமக்கா. ஆக்களைக் கதிரையிட்டைக் கூப்பிடுவம்."

"எடி விசரி, வந்து என்ன செய்யிறது?"

"படம் கீறட்டும். பாடட்டும். நாடகம் போடட்டும். சந்தியிலை நிண்டு போன் நோண்டிற பெடியள் இஞ்சை வந்து நோண்டட்டும்."

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாத்தான் முடியும், தர்சினி" என்றாள். மறுநாள் ஒட்டடைக் கம்போடு கொட்டகையில் முதலில் நின்றவளும் அவள்தான்.

சுவருக்கு வெள்ளையடித்தோம், பிள்ளைகள் ஒரே கிழமையில் அதைக் கீறி நிரப்பினார்கள். வெங்காயம் கிண்டிவிட்டு வந்த பெண்கள் நகத்து மண்ணோடு நாடகம் பழகினார்கள். பெண்பிள்ளைகள் பறை பழக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அதற்கு அருட்செல்வன் வந்தான். பக்கத்துக் குறிச்சிக்காரன், ரியூட்டரியில் கணக்கு வாத்தியார். பறை அவனுக்குத் தகப்பன் வழி வந்தது. ஊரில் பாதிப் பிள்ளைகள் அவனிடம் படித்துத்தான் கணக்கில் ஏ எடுத்தார்கள்.

திறப்பு விழா வந்தது. யாழ்ப்பாணத்தில் பிரதம விருந்தினர் இல்லாமல் கோழிகூட முட்டையிடாது. அக்கா வெற்றிலைத் தட்டோடு போய் கதிரவேலு ஐயாவை அழைத்தாள். ஓய்வுபெற்ற அதிபர், கோயில் தலைவர். திருவிழாக் கதிரை யாரிடம் எடுப்பது என்று தீர்மானிப்பவரும் அவர்தான்.

நான் கொட்டகை முற்றத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தேன். கதிரவேலு ஐயா சால்வையைச் சரிசெய்தபடி நின்று தேடினார்.

"முன்வரிசை எங்கை பிள்ளை?"

"வட்டத்திலை ஏதையா முன்வரிசை? எங்கையெண்டாலும் இருங்கோ."

முகம் சுளித்து ஒன்றில் இருந்தார். எனக்கு உள்ளூரச் சந்தோசம். அந்தச் சந்தோசம் அருட்செல்வன் வரும்வரைதான்.

அவன் பறையோடு உள்ளே வந்தவன், வேலிக்கரையைப் பார்த்தபடி நின்றுவிட்டான். அங்கே சாய்மானமில்லாத ஒரு நீட்டுப் பலகை வாங்கு கிடந்தது, துடைத்துச் சுத்தமாக. அப்பா காலத்தில் செத்தவீட்டுக்குக் கதிரை ஏற்றினால் அந்த வாங்கும் கூட ஏறும். வீட்டுக்காரர் கேட்பதில்லை, அப்பா சொல்வதுமில்லை. பறையடிக்க வருகிறவர்கள் ஒதுங்கி இருப்பதற்கு அது. அவர்களுக்குக் கதிரை கொடுக்கிற வழக்கம் இல்லை. இன்றைக்குப் பறை வருகிறது என்றதும் அக்காவின் கை தன்பாட்டில் அதைத் தூக்கிப் போட்டிருக்கிறது.

"கலாக்கா, எங்கடை வாங்கு வந்திட்டுது போலை."

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ தம்பி, நான் நினைச்சுப் போடேல்லை."

"நினைச்சுப் போட்டிருந்தாச் சண்டை பிடிச்சிருப்பன் அக்கா. நினைக்காமலே போட்டதுதான் நோகுது."

அருட்செல்வன் அடுக்கிலிருந்து ஒரு கதிரையை உருவி வந்து, கதிரவேலு ஐயாவுக்குப் பக்கத்தில் போட்டு, பறையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

கதிரவேலு ஐயா எழும்பினார்.

"உதயகலா, இஞ்சை வா பிள்ளை. அவர் வாத்தியார், எங்கடை பேத்தியும் அவரிட்டைத்தான் படிக்கிறாள். நான் மறுக்கேல்லை. ஆனா பறையோடை வந்த இடத்திலை ஒரு முறை இருக்கெல்லே? நீயே வாங்கு போட்டு வைச்சிருக்கிறாய். அதிலை இருக்கட்டுமன்." குரலைத் தாழ்த்தினார். "திருவிழா வருகுது. யோசிச்சு நட."

நான் வாயைத் திறந்தேன், அக்கா கையைக் காட்டி மறித்துவிட்டாள். மறிக்க அவளுக்கு உரிமை இருந்தது. யோசனை என்னுடையது, போகப்போவது அவளுடைய சோறு.

அவள் வாசல் படலையைப் பார்த்தாள். அருட்செல்வனின் குறிச்சிச் சனம் படலைக்கு வெளியே நின்றது. எல்லோரும் வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் நான்தான் கத்தியிருந்தேன். வந்திருந்தார்கள், உள்ளே கால் வைக்கவில்லை. முன்னால் நின்றவள் அவனுடைய தாய்.

அக்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"வாங்கு போட்டது என்ரை பிழை ஐயா. என்ரை பிழையை நீங்கள் முறையெண்டு சொல்லாதேங்கோ."

"அப்ப திருவிழாக் கதிரையை ரவுணிலை எடுப்பம்."

"எடுங்கோ."

"நல்லா யோசிச்சோ சொல்லுறாய்?"

"இவ்வளவு நாளும் யோசிக்காமல் இருந்ததுதான் ஐயா பிழை. போயிட்டு வாங்கோ. கதிரையை மட்டும் அதிலை விடுங்கோ, இருக்க ஆக்கள் நிக்கினம்."

அவர் போனார். அவரோடு இன்னும் சிலர் எழுந்து போனார்கள். வட்டத்தில் அங்கங்கே பல் விழுந்தது போல் இடைவெளி. அக்கா விறுவிறுவென்று நடந்து படலையை இரண்டு பக்கமும் அகலத் திறந்தாள்.

"உள்ளை வாங்கோ அம்மா. எல்லாரும் வாங்கோ."

அருட்செல்வனின் தாய் அவசரப்படாமல் வந்தாள். மகனையும் பக்கத்தில் காலியாகக் கிடந்த கதிரையையும் பார்த்தாள். கதிரவேலு ஐயா இருந்த அந்தக் கதிரையைத் தன் சேலைத்தலைப்பால் அழுத்தித் துடைத்தாள், ஒரு தரம், பிறகு இன்னொரு தரம். அதற்குப் பிறகுதான் இருந்தாள்.

"ஏனடா என்னைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய்?" என்றாள் மகனிடம். "பறையை அடியன்."