கோவம் போச்சான்னு கேளு

நெலமங்கலா தாண்டியதும் அந்தக் கான்ஸ்டபிள் கையை நீட்டினார். அப்பாதுரையின் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விட்டது. போலீஸ் கை நீட்டி நிற்காமல் போகிற தைரியம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

"யஸ்வந்த்பூர்வரெகு பிட்பிடி சார்," என்று சொல்லிக்கொண்டே கான்ஸ்டபிள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். யஸ்வந்த்பூர் வரைக்கும் ஓசி சவாரிதான்.

பின்சீட்டில் பவுலினுக்கு மூச்சு நின்றது. அவள் தோளில் சாய்ந்திருந்த புருஷன் ஆம்ப்ரோஸுக்கு அது குனிகல்லிலேயே நின்றுவிட்டது.

அங்கே கிளினிக் டாக்டர் நாடியைப் பார்த்துக் கையை விரித்தார். வழியில் போன உயிர், போலீசுக்குத் தெரிந்தால் போஸ்ட்மார்ட்டம் என்பார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் உங்கள் டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவரை அறுக்க விடமாட்டேன் என்று பவுலின் ஒரே பிடியாக நின்றாள். ரிச்சர்ட்ஸ் டவுன் வீடு வரை கொண்டு சேர்த்துவிட்டால் போதும்.

ஃபேக்டரியில் வி.ஆர்.எஸ். வாங்கிய கையோடு ஆம்ப்ரோஸ் கிளம்பிய பயணம் இது. மங்களூரிலிருந்து கார்வார் வரை கடலோரமாகவே. துணைக்கும் காரோட்டவும் சிநேகிதர் அப்பாதுரை. மால்பேயில்தான் குட்டு உடைந்தது. மனுஷன் நெஞ்சு மாத்திரையை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு, தினமும் போட்டேன் போட்டேன் என்று புளுகியிருக்கிறார். சொன்னால் இவள் காரைத் திருப்பச் சொல்வாள் என்று பயம். பவுலின் கடைக்குப் போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள், பேச்சை நிறுத்திவிட்டாள்.

முப்பது வருஷப் பழக்கம். சண்டை என்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும்.

"அவர சாப்பிடச் சொல்லுங்கண்ணா."

"எனக்கு வேணாம்னு சொல்லு துரை."

மூன்று நாள் அந்தப் பழைய ஃபியட்டுக்குள் அப்பாதுரை தபால்காரர் வேலை பார்த்தார், பாவம்.

குனிகல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆம்ப்ரோஸ், "அவ கோவம் போச்சான்னு கேளு துரை," என்றார்.

"போகலன்னு சொல்லுங்கண்ணா."

அப்பாதுரை சொல்லத் திரும்பினால் ஆம்ப்ரோஸின் தலை கதவில் சாய்ந்திருந்தது. காதில் விழுந்ததோ இல்லையோ. பாழாய்ப்போன வாய்!

கார் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. ஆம்ப்ரோஸின் தலை சரிய, பவுலின் இறுக்கிப் பிடித்தாள். கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்தார்.

"ஏனாயித்தம்மா? குடிச்சிருக்காரா?"

"இல்ல சார், ஜுரம்," என்றார் அப்பாதுரை.

"அசைவே இல்லியே. கொஞ்சம் கூப்பிட்டுப் பாரும்மா."

"ஏங்க," என்றாள் பவுலின். மூன்று நாளில் முதல் வார்த்தை. "ஏங்க, தூங்கறீங்களா? தூங்குங்க, தூங்குங்க. மாத்திரைய நேரத்துக்குப் போட்டிருந்தா இந்த ரோதன உண்டா? கார்வார் கடல்ல முட்டியளவு தண்ணில நின்னுக்கிட்டு சின்னப் புள்ளயாட்டம் என்னப் பாத்துக் கையாட்டறாரு. நான் பாக்கலன்னு நெனச்சீங்களா? பாத்தேன். பாத்துட்டுத்தான் மூஞ்சத் திருப்பிக்கிட்டேன்."

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். "நம்ம மனேலும் இதே கதெ சார். பாவம், அவர் எங்க வாயத் தொறக்கறது!"

யஸ்வந்த்பூரில் இறங்கிக் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனார்.

"போயிட்டாரு பவுலின்," என்றார் அப்பாதுரை.

அவள் நிறுத்தவில்லை. "கார்வார்லயே போயிடுச்சுங்க. நேரா எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? அண்ணாகிட்ட எதுக்குக் கேட்டீங்க?"

மேக்ரி சர்க்கிள் வந்தது. வீட்டுக்குப் போகிற ரோட்டில் அப்பாதுரை திரும்பவில்லை. சர்க்கிளை இன்னொரு முறை சுற்றினார்.