நாலாம் நம்பர் பட்டன்

அந்தக் காரை யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். அதற்குள் இருக்கும் பாட்டு செட்டை ஓட்ட அவள் ஒருத்தியால்தான் முடியும். சாவியைத் திருகினால் மட்டும் பாடாது. இடது ஓரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்ட வேண்டும். செல்லமாகத் தட்டினால் மதிக்காது. ஓங்கித் தட்டினால் கோபித்துக்கொண்டு அன்று முழுக்க வாயே திறக்காது. உள்ளே போன சிடியைத் துப்ப மாட்டேன் என்று மூன்று வருடமாக அடம் வேறு. வெளியே தள்ளும் பட்டனை அழுத்தினால் கர்ர் என்று உறுமும். அதோடு சரி.

அவள் பரிசோதனைக் கூடத்துக்கு ரத்த மாதிரி எடுத்துப் போகிறவள். ஒன்பது கிளினிக்குகளில் ஏறி இறங்கி, குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, மாலை ஆறு மணிக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். கிளினிக்குகளில் அவளுக்கு ‘ஐஸ்பெட்டி அக்கா’ என்றுதான் பெயர். வயது நாற்பத்து நாலு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களெல்லாம் கேட்டுக் களைத்து ஓய்ந்துவிட்டார்கள்.

நாளைக் காலை பத்து மணிக்குக் காரை எடுத்துப் போக ஆள் வருகிறது. தம்பி பார்த்த ஆள். “அக்கா, இந்த டப்பாவ இதுக்கு மேல வெச்சிருந்தா நீ ஓட்ட மாட்ட, தள்ளத்தான் செய்வ” என்று அவன் சொன்னபோது அவளும் தலையாட்டிவிட்டாள். நேற்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. கார் போனால் செட்டும் போகும். செட்டு போனால் அதன் வயிற்றில் இருக்கும் சிடியும் போகும். அது போனால் முத்துவிடமிருந்து அவளிடம் மிஞ்சியிருப்பது ஒரு முழ நீள ஒயர் மட்டும்தான்.

ஆகவே மதியம் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுக் கார் செட் கடை வாசலில் வந்து நின்றாள். ஒற்றை ஷட்டர் கடை. சுவர் முழுக்க ஸ்பீக்கர், தரை முழுக்க ஒயர்த் துண்டு. கடைக்காரி முப்பது வயசுக்காரி. காதோரத்தில் ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருந்தாள். கை வேலை செய்யச் செய்ய வாயும் ஓயாமல் வேலை செய்யும் ரகம்.

“செட்டு போனாப் போகட்டும்மா. உள்ள இருக்கற சிடி மட்டும் ஒரு கீறல் இல்லாம வெளிய வரணும்.”

“அப்படி என்னக்கா அதுல? புதையலா?”

“பாட்டு.”

“பாட்டா! எல்லாப் பாட்டும் போன்லயே வருதேக்கா. புளூடூத் செட்டு ஒண்ணு மாட்டித் தரேன். பென்டிரைவும் குத்திக்கலாம். ஆயிரம் பாட்டு ஏத்திக்கலாம்.”

“எனக்கு ஆயிரம் வேணாம். பதினாலு போதும்.”

கடைக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கார்க் கதவைத் திறந்து உள்ளே குனிந்தாள்.

முத்து என்பது அவன் பெயர் இல்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று கூடத்தில் எல்லோரும் கேலி செய்து செய்து, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவள் கொண்டுவரும் குழாய்களை எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போடுவது அவன் வேலை. பஸ் ஸ்டாப் அவள் வீட்டுக்குப் போகும் வழியில் இருந்ததால் ஆறு மணிக்கு மேல் அவனையும் ஏற்றிக்கொள்வாள். கால் மணி நேரப் பயணம். ஏறி உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவு எம்பித்ரீ பிளேயரை எடுப்பான், ஒயரை செட்டில் செருகுவான், ஒரு பாட்டைப் போடுவான். அதுதான் அவன் பேச்சு. ஸ்டாப் வந்ததும் பிளேயரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவான். மீதி வழி முழுக்கக் கார் வெறிச்சென்று கிடக்கும்.

“நீங்க இறங்கினா பாட்டும் கூடவே இறங்கிடுது” என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு காது மடல் வரை சூடாகிவிட்டது. வாழ்க்கையில் ஓர் ஆணிடம் அவள் சொன்ன ஆகத் துணிச்சலான வாக்கியம் அதுதான்.

நாலு நாள் கழித்து அவன் ஒரு சிடியை நீட்டினான். “முழுசாக் கேட்டுட்டு ஒரு பதில் சொல்லுங்க” என்றான். அவன் வாயிலிருந்து ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை வந்தது அன்றைக்குத்தான்.

அன்று அவனை இறக்கிவிட்டதும் முதல் வேலையாக அதைப் போட்டாள். நாலாவது பாட்டு வந்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்படி ஒரு பாட்டு. இதை விட்டுவிடக் கூடாது என்று தோன்றியது. ரேடியோவில் பிடித்த நிலையம் வந்தால் ஒரு நம்பரை அழுத்திப் பிடித்து சேவ் செய்வோம் அல்லவா, அதே மாதிரி நாலாம் நம்பர் பட்டனை விரல் வலிக்க அழுத்திப் பிடித்தாள். திரையில் ஏதோ ஒரு குட்டி எழுத்து எரிந்தது. சரி, பத்திரமாகிவிட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பதினாலு பாட்டு. முடிந்ததும் மறுபடி ஒன்று. ஒன்பது நாள் கேட்டுவிட்டு, பதில் சொல்ல வேண்டுமே என்று கண்ணாடி முன் நின்று ஒத்திகையெல்லாம் பார்த்துவிட்டு, பத்தாம் நாள் ஸ்டாப் வந்தபோது சொன்னாள்.

“முழுசாக் கேட்டேன். எல்லாமே நல்லா இருந்துச்சு. நாலாவது பாட்டு ரொம்பப் பிடிச்சிருக்கு.”

அவன் கதவைப் பாதி திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். “வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?”

சொல்ல வேண்டியவன் அவன்தானே? அதற்காகத்தானே அவள் காத்திருந்தாள்? “வேற என்ன சொல்லணும்?” என்றாள்.

“ஒண்ணும் இல்ல” என்று இறங்கிப் போனான்.

அடுத்த மாதமே வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். கடைசி நாள் ஒயரை மட்டும் அழகாகச் சுருட்டி டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டு, “இது இருக்கட்டும்” என்றான். இரண்டு வருடம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. ஓரத்தில் அவன் கையெழுத்தில் ஒரு வரி: ‘நாலாவது பாட்டை இன்னும் கேட்கிறீர்களா?’ அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு வார்த்தை பேசத் துப்பில்லாதவனுக்குக் கேள்வி ஒரு கேடா! விலை கூடின சுவர்க் கடிகாரமாகப் பார்த்து வாங்கி, ‘தினமும் கேட்கிறேன்’ என்று எழுதி அனுப்பிவைத்தாள்.

அதில் பொய் இல்லை. பதினோரு வருடமாகத் தினமும் கேட்கிறாள். பேட்டரி மாற்றும்போதெல்லாம் செட்டுக்கு ஞாபகம் போய்விடும், ரேடியோ நிலையங்கள் எல்லாம் அழிந்துவிடும். பேட்டரிக் கடை வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறுபடி சேவ் செய்வாள். கையோடு கையாக நாலாவது பாட்டையும் போட்டு நாலாம் நம்பரை அழுத்திப் பிடித்துவிடுவாள். நாலு பேட்டரி மாற்றியிருக்கிறாள். நாலு தடவையும் மறக்கவில்லை. அவன் மேல் உள்ள கோபம் ஒருபுறம் கிடந்தாலும், பாட்டு என்ன பாவம் செய்தது?

கடைக்காரி செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்து, ஒரு பழைய பேட்டரியிலும் ஒற்றை ஸ்பீக்கரிலும் மாட்டினாள். “கழட்டினதுல எல்லாம் அழிஞ்சு போச்சுக்கா, புதுசாத்தான் எந்திரிக்கும். சிடி சுத்துதான்னு பார்த்துட்டு அப்புறம் பிரிக்கறேன்.”

செட்டு எழுந்தது. முதல் பாட்டு ஆரம்பித்தது. கடைக்காரி அடுத்தது, அடுத்தது என்று தள்ளிக்கொண்டே போனாள். நாலு வந்தது. அவள் கை தானாக நீண்டு நாலாம் நம்பர் பட்டனைத் தொடப் போனது.

“அத எதுக்குக்கா அழுத்தறீங்க?”

“சேவ் பண்ண.”

கடைக்காரி சிரித்துவிட்டாள். “அய்யோ அக்கா! சேவ் எல்லாம் ரேடியோலதான். சிடி ஓடறப்ப நாலு வந்து ரிப்பீட்டு. அழுத்திப் பிடிச்சா அந்தப் பாட்டு இருக்கற ஃபோல்டரையே சுத்திச் சுத்திப் பாடும், அதத் தாண்டி நகரவே நகராது. இதுல ரெண்டு ஃபோல்டர் காட்டுதே, ரெண்டாவதுல என்ன இருக்கு?”

“ரெண்டா? ஒண்ணுதான். பதினாலு பாட்டு.”

“எண்ணிப் பார்த்துடுவோம்” என்று கடைக்காரி விறுவிறுவென்று தள்ளினாள். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாலு. அவளுக்கு அடுத்து வருவது மனப்பாடம். ஒன்றாவது பாட்டின் முதல் தாளத்துக்கு அவள் கால் விரல் தயாராகவே இருந்தது.

திரையில் பதினைந்து என்று வந்தது.

தாளம் வரவில்லை. யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது.

“காரை ஓட்டிக்கிட்டே இதக் கேக்காதீங்க. ஓரமா நிறுத்திக்குங்க” என்றது முத்துவின் குரல். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நிஜமாகவே அவள் நிறுத்துவதற்காகக் காத்திருந்தான் போல. “நேர்ல பேச எனக்கு வராதுன்னு உங்களுக்கே தெரியும். உங்களப் பார்த்தா நாக்கு ஒட்டிக்குது. அதான் பிளேயர்ல பேசறேன். எனக்கு இந்தக் கால் மணி நேரம் பத்தல. ஸ்டாப்புல இறங்கறதுக்குப் பிடிக்கல. உங்ககூடவே வீடு வரைக்கும் வரணும்னு இருக்கு. எல்லா நாளும். சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மத்தத நான் பார்த்துக்கறேன். இஷ்டம் இல்லன்னா அத வாயால சொல்லிக் கஷ்டப்படாதீங்க. பாட்டப் பத்தி மட்டும் பேசுங்க. நான் புரிஞ்சுக்கறேன். மறுபடி கேட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

அதற்கு மேல் பேச்சு இல்லை. ஆனால் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவன் மூச்சும், தூரத்தில் ரத்த மாதிரிக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தின் ரீங்காரமும் அரை நிமிடம் போலக் கேட்டன. பிறகு நின்றது.

“பாவி” என்றாள் அவள். “அடப் பாவி!” யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நாலாவது பாட்டு ரொம்பப் பிடிச்சிருக்கு என்று தேன் ஒழுகச் சொன்னாளே, அந்த வாயை என்ன செய்வது? கடிகாரத்தோடு சேர்த்து ‘தினமும்’ என்று எழுதி அனுப்பினாளே, அந்தக் கையை என்ன செய்வது? ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பதினோரு வருடம் அவனைக் கரித்துக் கொட்டியிருக்கிறாள். அவன் சொல்லித்தான் இருக்கிறான். ஒரு கை நீட்டும் தூரத்தில் தினமும் இருந்திருக்கிறது. அவனை விட்டுவிடக் கூடாது என்று அவள் அழுத்திப் பிடித்த அதே விரல்தான் அவன் வாயையும் பொத்தியிருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கடைக்காரி செட்டை அணைத்துவிட்டு, காதோரத்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

வெகுநேரம் கழித்து, “சிடிய எடுத்துத் தரவாக்கா?” என்று மெல்லக் கேட்டாள்.

“வேணாம். இருந்த இடத்துலயே மாட்டிடு.”

மாட்டி முடித்ததும் தம்பிக்குப் போன் செய்தாள். “அந்த ஆளை நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடு. கார விக்கல.”

“என்னக்கா திடீர்னு?”

“செட்டு இன்னிக்குத்தான் சரியாச்சு.”

மத்தியானக் குழாய்களை ஒன்பது கிளினிக்கிலும் வாங்கிக்கொண்டு, ஆறு மணிக்குள் கூடத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள். பிறகு பஸ் ஸ்டாப்புக்கு ஓட்டினாள். அவன் சொன்னபடியே ஓரமாக நிறுத்தினாள். கைப்பிரேக்கைப் போட்டாள். பக்கத்து இருக்கையில் கிடந்த ஐஸ் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு, பதினைந்தாவதைப் போட்டாள்.

அவனுக்கு வீடு இருக்கிறது, மனைவி இருக்கிறாள், இவள் அனுப்பிய கடிகாரம் அந்த வீட்டுச் சுவரில் ஓடிக்கொண்டிருக்கும். போன் செய்யலாம், கூடத்தில் நம்பர் கிடைக்கும். செய்து என்ன சொல்வது, யாருக்கு என்ன ஆகப் போகிறது? அதைக் கடையிலிருந்து வரும் வழியிலேயே யோசித்து முடித்துவிட்டாள். ஆனால் கேள்வி கேட்டவன் பதிலுக்கென்று அரை நிமிடம் விட்டுவைத்திருக்கிறான். அது யாரும் தொடாமல் அப்படியே கிடக்கிறது.

“...மறுபடி கேட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன்” என்று குரல் முடிந்தது. மூச்சுச் சத்தம் வந்தது. இயந்திரம் சுற்றியது. அவள் காலி இருக்கையின் பக்கம் திரும்பினாள்.

“சரி” என்றாள்.

மூச்சுச் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. அவன் காதில் விழவில்லையோ என்பதுபோல இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். பதிவு முடிந்து, ஒன்றாவது பாட்டு ஆரம்பித்தது.