டேங்கில் துரு இல்லை

என் கணவன் ரெய்னெல் பொய் சொல்கிறான் என்பதைக் காரை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்து, டேங்கில் துரு, அடைத்துக்கொண்டு வழியில் நின்றுவிட்டது என்றான். வேறு எந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தாலும் நம்பித் தொலைத்திருப்பேன். அந்த டேங்கைச் சுத்தம் செய்தவள் நான். யார் காதில் பூச்சுற்றுகிறான்?

அது ஐம்பத்தொன்றாம் வருடத்துச் செவர்லே, அப்பா எனக்கு விட்டுப்போனது. ஹவானாவில் அப்படி ஒரு கார் இருந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியும். ரெய்னெல் அதில் ஆள் ஏற்றி ஓட்டுகிறான். அதைச் சாகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. போன குளிர்காலத்தில் டேங்கைக் கழற்றி, உள்ளே சங்கிலித் துண்டைப் போட்டு, வினிகரை ஊற்றி, முற்றத்தில் உருட்டு உருட்டென்று உருட்டினேன். செங்கல் கரைத்த மாதிரி தண்ணீர் வந்தது. சோடா நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, உள்ளே எண்ணெய் புரட்டி, அதன் பிறகுதான் மாட்டினேன். இதெல்லாம் தெரிந்தும் என் டேங்கின் மேல் பழி போடுகிறான்.

மறுபடியும் தாமதம், மறுபடியும் துரு. எதிர்வீட்டு நெரெய்தா ஜன்னலில் சாய்ந்துகொண்டு, அந்தத் துரு உதட்டுச் சாயம் பூசியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னாள். சிரித்துவிட்டு உள்ளே வந்து அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். வியர்வை, பெட்ரோல், அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரு காந்தத்தை நூலில் கட்டி டேங்குக்குள் இறக்கித் துழாவினேன். போனது போலவே பளபளவென்று வெளியே வந்தது. துரு இருந்திருந்தால் காந்தத்தில் மீசை முளைத்திருக்கும்.

ஆக, இவனுக்கு ஒருத்தி இருக்கிறாள். அவள் எந்தத் தெருவில் இருப்பாள், முடி எந்த நிறத்தில் இருக்கும் என்பது வரைக்கும் நானே முடிவு செய்துகொண்டேன்.

அப்போதுதான் கார் நிஜமாகவே நின்றது, அதுவும் எங்கள் வாசலிலேயே. காலையில் கிளப்பினான், இருமியது, குலுங்கியது, அடங்கிவிட்டது. என்ஜின் மூடியைத் திறந்தேன். கார்புரேட்டருக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உண்டு, பெட்ரோலோடு வரும் கசடெல்லாம் அதில் தங்கிவிடும். இந்தத் தடவை அதில் கசடு இல்லை. மேலே பெட்ரோல், அடியில் கோடு போட்ட மாதிரி பிரிந்து நிற்கிற தண்ணீர்.

அவன் எட்டிப் பார்த்தான். "பங்க்லதான் கலந்திருப்பானுங்க. திருட்டுப் பசங்க" என்றான். சட்டென்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதே பங்க்கில் பெட்ரோல் போடுகிற நெரெய்தாவின் மகனிடம் விசாரித்தேன். அவன் காருக்கு ஒரு குறையும் இல்லையாம்.

கிண்ணத்துத் தண்ணீரை ஒரு தகர மூடியில் ஊற்றி, மாடியில் வெயிலில் வைத்தேன். மதியத்துக்குள் எல்லாம் ஆவியாகி, மூடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. பங்க்காரன் தண்ணீர் கலந்தாலும் கடல் தண்ணீரா கலப்பான்?

ரெய்னெல் சோறும் கறுப்பு பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டுக்குப் பக்கத்தில் மூடியை வைத்தேன்.

"இதை நாக்குல வச்சுப் பாரு."

அவன் தொடவில்லை. கரண்டியை மட்டும் கீழே வைத்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். கிழக்கே அலையாத்திக் காட்டுக்குள் ஒரு படகு கட்டியிருக்கிறார்கள், கூட்டாளிகள் நாலைந்து பேர், வடக்கே கடல் தாண்டி நாட்டைவிட்டே போவதற்கு. இவன் பங்கு பெட்ரோல். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கேன்களில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறான். ஒருநாள் அலை ஏறி, மூடி இறுகாத கேன்களுக்குள் கடல் தண்ணீர் புகுந்துவிட்டது. கூட்டாளிகள் பயந்துபோய்ப் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். இந்த ஊரில் பெட்ரோலைக் கீழே ஊற்ற யாருக்கு மனசு வரும்? திருப்பிக் கொண்டுவந்து எங்கள் டேங்கிலேயே ஊற்றிவிட்டான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒருத்தியும் இல்லை. சிரிப்புகூட வந்தது. அது பாதியில் நின்றது.

"அந்தப் படகுல எனக்கு இடம் இருந்துச்சா?"

"நீ இந்தக் காரை விட்டுட்டு வரமாட்டே, மிலெய்டி."

"நீ கேட்டியா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பொய் சொல்ல வாய் எடுத்ததும் தெரிந்தது, வேண்டாமென்று விட்டதும் தெரிந்தது.

"கேட்டா, வர்றேன்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

இத்தனை நாளாக ஒரு பொய்யை எதிர்பார்த்துக் காத்திருந்தவளுக்கு, உண்மையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திட்டுவதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, எழுந்து வாசலுக்குப் போய், கார் அடியில் படுத்து டேங்கைத் திறந்துவிட்டேன். உப்புத் தண்ணீர் ஒரு வாரம் கிடந்தால் போதும், நான் பட்ட பாடெல்லாம் வீண். பெட்ரோலைப் பிடித்து, புனலில் மெல்லிய தோல் விரித்து, அவன் திருப்பிக் கொண்டுவந்த கேன்களில் வடிகட்டினேன். பெட்ரோலில் நனைத்து விரித்தால் அந்தத் தோல் பெட்ரோலை இறங்கவிடும், தண்ணீரை மேலேயே நிறுத்திவிடும். கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோய், கையெல்லாம் பெட்ரோல் என்பதால் துடைக்காமல் விட்டேன்.

அவன் நிலைப்படியில் வந்து நின்றான். கேன்களின் மூடியை இறுக்கி, அவன் காலடியில் தள்ளினேன்.

"இதுல சொட்டுத் தண்ணி இல்ல. கடல்ல நடுவழியில நிக்காது."

போகவில்லை என்பான் என்று நினைத்தேன். குறைந்தது, கொஞ்ச நேரம் சும்மா நிற்பான் என்றாவது நினைத்தேன். ரெய்னெல் குனிந்து, மூடிகள் சரியாக இறுகியிருக்கின்றனவா என்று திருகிப் பார்த்தான்.