பார்த்தவள் கையெழுத்து

கடைக்காரர் குக்கரை வெளியே எடுத்து வைத்ததும் தங்கை அதற்குள் கையை விட்டு அட்டையைத்தான் முதலில் எடுத்தாள். தனிக்குடித்தனத்துக்கு வாங்கும் முதல் பாத்திரம். அக்காவின் கையெழுத்து போட்டதுதான் வேண்டும் என்று அடம்பிடித்து நாலு பெட்டிகளைப் பிரிக்க வைத்து, ஐந்தாவதில் கிடைத்திருந்தது. ‘இந்தக் குக்கரை நான் பார்த்தேன்’ என்ற அச்சு வரிக்குக் கீழே, நீல மையில் அக்காவின் கையெழுத்தும் ஒரு தேதியும்.

“அக்கா, இந்தத் தேதியப் பாரேன். என் கல்யாண நாள். அன்னிக்கு முழுக்க என் பக்கத்துல நின்னு மூக்கச் சிந்திக்கிட்டிருந்த. எப்போ போய் குக்கர் பாத்த? போட்டோக்காரர் உன்னத் தேடுனாரே, அப்பவா?”

கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். அக்கா அட்டையை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்துதான். கடைசிச் சுழிப்பில் மை ஒரு நூல் அளவுக்கு விட்டுப்போயிருந்தது.

“இன்னொண்ணு பிரிங்கண்ணே.”

“அம்மா, இருக்கறதையெல்லாம் பிரிச்சா நான் எதை விக்கறது?”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்காவே பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பிரித்த மூன்று பெட்டிகளில் இரண்டில் அவளுடைய கையெழுத்து இருந்தது. இரண்டிலும் அதே சுழிப்பில் அதே இடத்தில் மை விட்டுப்போயிருந்தது. ஒன்றில் இருந்த தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அக்கா வேலை பார்க்கும் குக்கர் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மூடியைத் தூக்கி, ஆவி வெளியேறும் குழாய் வழியாக வெளிச்சத்தைப் பார்ப்பாள். சேஃப்டி வால்வைத் திருகிப் பார்ப்பாள். கட்டைவிரலை விளிம்பு முழுக்க ஓட்டுவாள். கொஞ்சம் சந்தேகம் என்றாலும் ஓரமாக வைத்துவிடுவாள். இரண்டு வருடங்களுக்கு முன்னால் இப்படி ஓரமாக வைத்ததையெல்லாம் மேலதிகாரிகள் திரும்ப எடுத்து விற்பனைக்கு அனுப்பினார்கள். குழாய்க்குள் உலோகப் பிசிறு நின்றுபோன மூடிகள். ஏழு வீடுகளில் வெடித்தன. ஒரு பெண்ணுக்கு ஒரு கண் போயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் மாறியது. முதலாளி பத்திரிகைக்காரர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றார். பழைய அதிகாரிகள் போனார்கள். லாபத்துக்கு முன்னால் மக்கள் என்று வாசலில் எழுதி வைத்தார்கள். நம்பிக்கைப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி அதற்கு ஒரு மேலாளரையும் போட்டார்கள். அறிக்கைகளில் மாறி மாறி மன்னிப்புக் கேட்டதால் தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் மன்னிப்பு சார். இனி ஒவ்வொரு குக்கரையும் ஒரு மனுஷி கையில் எடுத்துப் பார்ப்பாள், பார்த்தவள் தன் கையெழுத்தைப் போடுவாள் என்பது அவருடைய யோசனை. பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பட்டியலில் முதல் ஆள் பூதக்கண்ணாடி.

தொடக்க நாளன்று கண் போன பெண்ணையும் மேடைக்கு அழைத்திருந்தார்கள். அவள் அட்டையை மிச்சமிருந்த கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்துவிட்டு, “நீதான் பாப்பியா?” என்று கேட்டாள். “நான்தாங்க பாப்பேன்” என்றாள் இவள். பத்தொன்பது வருட வேலையில் தன் சொல்லுக்கு ஒரு மதிப்பு வந்தது அன்றுதான் என்று தோன்றியது. அவள் சொல்லித்தான் அவளுடைய குடியிருப்பில் ஒன்பது வீடுகளில் அந்தக் குக்கரை வாங்கினார்கள்.

கடையில் மூன்றாவது பெட்டியிலிருந்த குக்கரின் மூடியைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். வெளிச்சம் பாதிதான் வந்தது.

“இத நான் எடுத்துக்கறேன்” என்றாள்.

“புதுக் குடித்தனத்துக்கு ஓட்டைக் குக்கரா?” என்றாள் தங்கை.

“ஓட்டை இல்லாததுதான்டி பிரச்சினை.”

மறுநாள் மன்னிப்பு சாரின் மேசைமேல் அந்த மூடியை வைத்தாள். அவர் அவளை உட்காரச் சொன்னார். அங்கே எல்லோரையும் உட்காரச் சொல்வதும் புதிய விதிகளில் ஒன்று. மூடியை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா.”

“உங்களுக்குத் தெரியாது சார். அதுக்குத்தான் நாங்க பன்னெண்டு பேர் இருக்கோம். கல்யாணத்துக்கு லீவு போட்ட அன்னிக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட்டேன்?”

அவர் மறைக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. ஆர்டர் மூன்று மடங்காகிவிட்டது, பன்னிரண்டு பேரால் முடியாது, பின்பக்கத்துப் புதுக் கட்டடம் எல்லோரும் நினைத்ததுபோல் கிடங்கு இல்லை, இரண்டாவது உற்பத்திக்கூடம் என்று நிதானமாகச் சொன்னார். அட்டையை நிறுத்தினால் மக்கள் பயந்துவிடுவார்களாம். அதனால் கையெழுத்தை அச்சடிக்கிறார்களாம். கோப்பைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். அட்டைத் திட்டம் தொடங்கியபோது அவளிடம் வாங்கியது. கட்டங்களுக்குள் பத்து மாதிரிக் கையெழுத்துகள். நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. வீட்டுக்குப் போய்ப் பழகிவிட்டு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்ட கையெழுத்துகள் அவை. ஆறாவது கட்டத்தில் சுழிப்பில் மை விட்டுப்போயிருந்தது.

“அங்க யார் பாக்கறாங்க சார்?”

“நூத்துக்கு ரெண்டு பாக்கறோம்.”

“மீதி தொண்ணூத்தெட்டுல நான் பாத்தேன்னு போட்டிருக்கே.”

“அது ஒரு அடையாளம்மா. கஷ்டப்பட்டுத் திரும்ப வந்த பேரு. தொள்ளாயிரம் குடும்பம் இத நம்பித்தான் இருக்கு. நீங்களே இப்படிப் பேசினா வெளியில யாரு நம்புவாங்க?”

“போன தடவை வெடிச்சப்போ உங்க பேரத் திட்டுனாங்க சார். இந்தத் தடவை வெடிச்சா என் கையெழுத்த எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வருவாங்க.”

அவர் மூடியைத் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டு, “இதைப் பத்திக் கண்டிப்பா மேலிடத்துல பேசறேன். மன்னிச்சுக்குங்க” என்றார்.

பழைய அதிகாரிகள் எரிந்து விழுவார்கள். அவர்களை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. அதனால் அவர்களால் அவளை ஏமாற்றவும் முடிந்ததில்லை. இந்த மனிதர் அவளை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அவள் வேலைக்குத் திரும்பவில்லை. தன் குடியிருப்புக்குப் போனாள். தன் வீட்டுக் கதவைத் திறக்காமல் கீழ்த்தளத்துத் தையற்காரி வீட்டு மணியை அடித்தாள். தையற்காரி வாயில் ஊசி நூலோடு வந்து திறந்தாள். உள்ளே அடுப்பில் குக்கர் இருப்பது சத்தத்திலேயே தெரிந்தது.

“என்னக்கா இந்த நேரத்துல? வேலைக்குப் போகலையா?”

“எத்தனை விசில் வந்துச்சு?”

“இன்னும் ஒண்ணுகூட வரல. ஏன்?”

அவள் தையற்காரியை விலக்கிக்கொண்டு உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

“ஐயோ, இன்னும் வேகலைக்கா.”

“நீ இந்தப் பக்கம் வா. அதுக்கிட்டப் போகாத. தானா அடங்கட்டும்.”

“நீ பாத்த குக்கர்தானே?”

அவள் தையற்காரியின் கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்து நிறுத்தினாள். எட்டு வீடுகள் பாக்கி இருந்தன. எங்கெல்லாம் இந்த நேரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஆவி அடங்கும்வரை இங்கிருந்து நகர முடியாது. மூடிக்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தது. தையற்காரி பல்லிடுக்கிலிருந்த ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, அவள் முகத்தையும் குக்கரையும் மாறி மாறிப் பார்த்தாள்.