பிஸ்டன் மேல் மாவு

ஹாஜிரா பீக்கு இடது இடுப்பு மடங்காது. மாடிப்படியில் விழுந்து, உள்ளே கம்பி வைத்து மூன்று வருடமாகிறது. காலை நீட்டியபடி அவளால் உட்கார முடிந்த வண்டி ஒன்றுதான். கணவர் ஷரஃபுதீனின் பழைய பெட்ரோல் அம்பாசிடர். அதன் முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம். பக்கவாட்டில் உட்கார்ந்து நகர்ந்துகொள்ளலாம்.

போன வருடம் அந்த வண்டி ஏற்காடு மலையில் பதினொன்றாம் வளைவில் படுத்துவிட்டது. மேலே மகள் தூபாவின் வீடு. வழியில் போன இரண்டு ஆட்கள் ஹாஜிராவைத் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவராகத் தூக்கி, ஒரு காய்கறி வேனில் ஏற்றினார்கள். அவள் அழவில்லை. ஊர் திரும்பியதும், இனி மலைக்கு வரமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். இப்போது தூபாவுக்கு எட்டாம் மாதம்.

ஷரஃபுதீனின் ஷெட் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், வீட்டை ஒட்டி இருக்கிறது. வண்டி நிற்காமல் ஏறினால் வருவாயா என்று கேட்டார். நிற்காமல் ஏறினால் பார்க்கலாம் என்றாள். அதையே அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டு எஞ்சினைப் பிரித்தார்.

மலை ஏறும் இழுவைக்குச் சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கினால் மட்டும் போதாது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் கூட வேண்டும். புதுப்பேட்டையில் லேத்து வைத்திருக்கும் அசோகனிடம், பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க்கைக் கொண்டுபோய், அதன் பின்களை மூன்று மில்லிமீட்டர் வெளியே தள்ளி அரைக்கச் சொன்னார்.

"கெய்வி வண்டிக்கு இன்னாத்துக்கு நைனா இம்மாம் பெரிய எஞ்சினு?"

"என் சம்சாரம் குந்தற வண்டி. நீ அரை."

ஆயிரத்து ஐந்நூறு சிசி ஆயிரத்து அறுநூற்றைம்பதானது.

கிராங்க் தள்ளிப்போனால் பிஸ்டனும் அதே அளவு கூடுதலாக மேலே வரும். சிலிண்டரை மேலே மூடியிருக்கும் ஹெட்டில் இடித்தால் எஞ்சின் காலி. அதனால் குட்டைப் பிஸ்டன் தேடிப் போட்டார். இடைவெளி பார்க்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பிஸ்டன் மேல் சப்பாத்தி மாவைத் தட்டி, ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். கழற்றிப் பார்த்தால், நசுங்கிய மாவின் கனம்தான் இடைவெளி. ஹாஜிரா கிண்ணத்தில் மாவு கொடுத்தாள். ஒன்றரை மில்லிமீட்டர் காட்டியது. போதும் என்று எல்லாவற்றையும் முறுக்கிப் பூட்டினார்.

மறுநாள் காலை ஸ்டார்ட் பண்ணப் பேட்டரி வயரை எடுத்தபோது, வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஹாஜிரா ஷெட் வாசலில் நின்றாள். விழுந்த பிறகு அவள் அங்கே வந்ததே இல்லை.

"நேத்து குடுத்தது கோதும இல்ல. பரோட்டாக்குப் பெசஞ்ச மைதா."

"அதுக்கு இன்னா?"

"மைதாவ அமுக்குனா திரும்பி எழும்பும், கனம் கூடக் காட்டும். தெனம் தட்டறவளுக்குத் தெரியாதா?"

ஷரஃபுதீன் வயரைக் கீழே வைத்தார். ஸ்பேனரை எடுத்து ஹெட்டைத் திரும்பக் கழற்றினார். மதியம்வரை ஆனது. வாக்கரைப் பிடித்து நின்றபடியே, கொண்டுவந்த கோதுமை மாவைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தாள் ஹாஜிரா. இந்தத் தடவை அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

"சொல்லாம வுட்டிருந்தா எஞ்சின் செதறியிருக்கும். நீயும் மல ஏற வேணாம்னு நிம்மதியா இருந்திருக்கலாம்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பேசாம பிஸ்டன சீவிக்கினு வாங்க."

அசோகன் நான்கு பிஸ்டன் தலையிலும் ஒரு மில்லிமீட்டர் சீவிக் கொடுத்தான்.

மூன்று வாரம் கழித்து ஏற்காடு ஏறினார்கள். ஒன்பது, பத்து என்று வளைவுப் பலகைகளை ஹாஜிரா வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஏசி ஓடியது, வண்டி திணறவில்லை. பதினொன்று வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"எதுனா சத்தம் கேக்குதா?" ஷரஃபுதீனுக்கு வியர்த்துவிட்டது.

"ஒண்ணும் கேக்கல. இங்க வச்சுத்தான என்னத் தூக்குனாங்க. நானா எறங்கி நானா ஏறணும்."

அவர் நீட்டிய கையை வேண்டாம் என்றாள். வாக்கரை ஊன்றி இறங்கி, சாலையோரம் நான்கடி நடந்து, திரும்பி வந்து, காலை நீட்டிச் சீட்டில் நகர்ந்து உட்கார்ந்தாள். கால் மணி நேரம் ஆனது. ஷரஃபுதீன் எஞ்சினை அணைக்கவில்லை. அது ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

மூச்சு அடங்கியதும் அவள் சீட்டில் வைத்திருந்த டப்பாவைத் திறந்து பரோட்டாவை நீட்டினாள்.

"மைதாதான். துண்ணுங்க."