ஆளில்லாத ஆறு நிமிடங்கள்

"நாப்பது பிள்ளைங்க, ஆறு நிமிஷம், ஒரு முகம்கூட இல்ல. இதுக்குப் பேரு வகுப்பா மேடம்?"

மேற்பார்வை பார்க்கும் தம்பிக்குக் கணக்கு டீச்சரின் மகன் வயதுதான் இருக்கும். நேற்றைய இணைய வகுப்பின் பதிவைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தான். நாற்பது கட்டங்கள், நாற்பது காலி நாற்காலிகள். கீழே சிவப்பில், ‘ஈடுபாடு: பூஜ்யம்.’

பிள்ளைகள் உம்மென்று உட்காரக்கூடாது, வகுப்பு கலகலவென்று இருக்க வேண்டும் என்று நிறுவனம் போன மாதம் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. ஐந்து நிமிடத்துக்கொரு தரம் திரையில் பலூன் பறக்கும். முகம் தெரிந்தால் மதிப்பெண், பலூனைத் தொட்டு உடைத்தால் மதிப்பெண். ஒரு பையன் சாப்பிட்டபடியே முழங்கையால் அதை உடைத்தான். அவனுக்கு நூற்றுக்கு நூறு. செவ்வகத்துக்கு எத்தனை மூலை என்று கேட்டால் பேந்தப் பேந்த விழித்தான். நேற்று டீச்சருக்குப் பொறுக்கவில்லை. ஆளுக்கொரு கதவை அளந்து வாருங்கள் என்று எல்லோரையும் எழுப்பி அனுப்பிவிட்டாள்.

"சத்தத்தைக் கூட்டுங்க தம்பி."

"சத்தம் கணக்குல வராது மேடம்."

"எனக்காகக் கூட்டுங்க."

கூட்டினான். காலி நாற்காலிகளுக்குப் பின்னால் திமுதிமுவென்று ஓட்டம். "அம்மா, டேப்பு எங்க?" எங்கோ ஒரு ஸ்டூல் விழுந்தது. பிறகு ஒவ்வொருவராக மூச்சிரைக்க வந்தார்கள். கடைசிக் கட்டத்துச் சிறுமி மூன்று மாதமாக வாயே திறக்காதவள். அவள்தான் முதலில் பேசினாள்.

"டீச்சர், எங்க கதவு செவ்வகமே இல்ல. ஒரு பக்கம் ரெண்டு சென்டிமீட்டர் கம்மி. அதான் தரையில உரசுது."

"கதவு இல்ல, நிலை சாஞ்சிருக்கும்," என்றது முழங்கைப் பையனின் குரல். "மூலைக்கு மூலை குறுக்க அளந்து பாரு. ரெண்டும் ஒண்ணா வரணும்."

"வந்துட்டாருடா தச்சரு," என்றது இன்னொரு கட்டம். நாற்பதும் சிரித்தது.

தம்பி பதிவை நிறுத்தினான்.

"நல்லாத்தான் இருக்கு. மேலிடத்துக்குப் போறது நம்பர்தான் மேடம். இன்னொரு பூஜ்யம் வந்தா இந்த வகுப்பு உங்ககிட்ட இருக்காது."

"மூணு மாசம் பேசாத பிள்ளை பேசினது பூஜ்யமா?"

அவன் திரையை அணைத்தான். அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. முழங்கைக்கு நூறு, குரலுக்கு ஒன்றுமில்லை. இதை யார் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள்?

மாலை நான்கு மணிக்கு வகுப்பைத் திறந்தாள். நாற்பது முகங்கள். நாற்பத்தோராவது கட்டத்தில் தம்பி, கையில் குறிப்பேட்டோடு. முதல் பலூன் கிளம்பியது. கடைசிக் கட்டத்துச் சிறுமி கையில் டேப்பை வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் இருந்தாள்.

"டீச்சர், அப்பா ஸ்டூல் போட்டு வெச்சிருக்காரு. குறுக்க அளக்கட்டா?"

டீச்சர் பலூனைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"போங்க. எல்லாரும் போங்க."

தன் மேசை இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு அவளும் எழுந்தாள். காலிக் கட்டங்களின் மேல் பலூன் தொடுவாரின்றி முட்டி முட்டி மிதந்தது. தம்பி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். எங்கோ ஒரு வீட்டில் கதவு தரையை உரசிக்கொண்டு திறந்தது.