மருத்துநீர் குடித்த வான்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஐமிச்சம் உள்ளவர்கள் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தால், அவர்கள் காட்டுகிற கோயிலில் கற்பூரத்தில் அடித்துத் தரப்படும்.

நாகேந்திரத்தின் வான் ஓட்டோ கியர். பிறந்தது ஜப்பான் என்றாலும் குணம் மாமனார் குணம். கொஞ்சம் அலைக்கழித்தால் சூடாகி, நின்ற இடத்திலேயே நின்றுவிடும். பங்குனிக் கடைசியில், பம்பலப்பிட்டியில், பின்னால் வந்த பஸ் எல்லாம் ஹோர்ன் அடிக்க அடிக்க அது நின்றபோது உள்ளே இருந்தவர் அவருடைய மனைவி சரோஜினிதேவி. அவர் கத்தவில்லை. அதுதான் பயம்.

"இஞ்சேருங்கோ, வருசத்தண்டு கண்டிக்குத் தங்கச்சி வீட்டை போறம். கடுகண்ணாவை ஏத்தத்தில இது நிண்டுதெண்டா, அங்கயிருந்தே இரத்மலானை சஜீத்துக்குக் கோல் எடுப்பன். வந்து இழுத்துக்கொண்டு போகட்டும்."

சஜீத் பழைய வாகனம் வாங்குகிறவர். பென்சன் எடுத்த நாளிலிருந்து நாகேந்திரம் தன் பாட்டுக்கு இருக்கிற ஒரே இடம் அந்த வானின் சாரதி ஆசனம்தான்.

கீழ்மாடியில் இருக்கும் ஷிப்லி வழி சொன்னார். ஷிப்லிக்குத் திரைச்சீலைக் கடை. ஆனால் கியர் ஒயில் கூலர் பூட்டுவது பற்றி ஏகப்பட்ட வீடியோ பார்த்தவர். பெரும்பாலும் போர்த்துக்கீச மொழியில்.

"லேசான வேல அண்ணே. கியர்பொக்ஸில ஒயில் கொதிக்குது. அத வெளிய எடுத்து, ஒரு சின்ன ரேடியேற்றருக்குள்ள விட்டு, காத்துல ஆறின பொறவு திருப்பி உள்ளுக்கு அனுப்புறம். பிளேன்டீய பீரிசுல ஊத்தி ஆத்துற மாதிரி."

"பீரிசில ஆத்தினதைத் திருப்பிக் கோப்பைக்குள்ள ஊத்துறேல்லையே தம்பி."

"அது குடிக்கிறவர்ட இஷ்டம்."

பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் கிடைத்த கூலர் சின்னது இல்லை. கொள்கலன் இழுக்கிற லொறியுடையது. பம்பரைக் கழற்றி ரேடியேற்றருக்கு முன்னால் நிறுத்தினால் பூட்டுவதற்குத் துளைகள் பொருந்தவில்லை. ஷிப்லி கடைக்குப் போய்த் திரைச்சீலைக் கம்பியும் வளையங்களும் கொண்டுவந்து, கூலரைத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு நீலத் துணியும் போட்டார். உள்ளே இருந்து கயிற்றை இழுத்தால் திறக்கும், விட்டால் மூடும். ஹோஸ் இரண்டையும் கிளிப் போட்டு இறுக்கியாயிற்று. புதுக் கூலர் ஒயிலை எல்லாம் குடித்துவிட்டதால் மட்டம் குறைந்தது. டிப்ஸ்டிக் குழாயால் இன்னும் ஊற்ற வேண்டும்.

அன்று வருசத்துக்கு முதல் நாள். சரோஜினிதேவி கோயிலில் மருத்துநீர் வாங்கித் தண்ணீர்ப் போத்தலில் யன்னலில் வைத்திருந்தார். வருசப் பிறப்பில் தலையில் வைத்து முழுகுகிற மூலிகை நீர். ஷிப்லி கொண்டுவந்த கியர் ஒயிலும் அதே மாதிரிப் போத்தலில் அதே யன்னலில். நாகேந்திரத்தின் மூக்குக்கண்ணாடி பம்பருக்குள் விழுந்திருந்தது.

மறுநாள் புண்ணியகாலத்தில் சரோஜினிதேவி தலையைத் தடவிப் பார்த்தார்.

"இந்தமுறை மருத்துநீர் வழுக்குது."

நாகேந்திரம் போத்தலை மணந்தார். கீழே போய் டிப்ஸ்டிக்கை உருவி மணந்தார். குங்குமப்பூவும் கோரோசனையும் கமகமத்தன. மேலே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வானுக்கு மருத்துநீர் விட்டிட்டன்."

"இலை வைச்சனீங்களோ?"

"என்ன இலை?"

"பஞ்சாங்கத்தில தலைக்கு ஒரு இலை, காலுக்கு ஒரு இலை போட்டிருக்கு. இலை இல்லாமல் மருத்துநீர் வைச்சால் வருசம் முழுக்கக் கரைச்சல்."

எண்ணெய் வழிகிற தலையோடு சரோஜினிதேவியே இறங்கிப் போய், கூரையில் ஒரு இலையும் ரயர்களுக்குக் கீழே ஒவ்வொரு இலையும் வைத்தார். பிறகுதான் முழுகப் போனார். ஒயில் போகவில்லை.

கயிறு இழுக்க ஷிப்லியும் ஏறிக்கொண்டார். பேலியகொடை மீன் சந்தைக்குக் கிட்ட வான் நின்று, மெதுவாகப் பின்னால் போகத் தொடங்கியது.

"அண்ணே, ரிவேர்ஸ் போட்டீங்களா?"

"நான் ஒண்டிலயும் கை வைக்கேல்லை."

"வருசத்துக்கு முழுகினது. மச்ச மணத்துக்குள்ள எப்பிடிப் போகும்?" என்றார் சரோஜினிதேவி.

ஷிப்லி கயிற்றை விட்டார். நீலத் துணி மூடியது. வான் மூச்சை அடக்கிக்கொண்டு சந்தையைத் தாண்டியது.

கடுகண்ணாவை ஏற்றத்தில் அது சூடாகவே இல்லை. பதிலுக்குச் சாந்தமாகிவிட்டது. வீதிவலம் வருகிற தேர் போல அசைந்து அசைந்து ஏறியது. நாகேந்திரம் வியர்த்தார். இது நிற்பதோடு சேர்த்தியா, இல்லையா?

"கதவைத் திறவுங்கோ, நான் நடக்கிறன்."

வருசக்கணக்காக முழங்கால் பிடித்துக்கொண்டு படியேறுகிறவர் சரோஜினிதேவி. ஒயில் உச்சியிலிருந்து மூட்டுவரை இறங்கியிருக்க வேண்டும். இறங்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை. முதல் வளைவில் ஒரு சீமெந்து லொறியை முந்தினார். இரண்டாவது வளைவில் கியர் மாற்றியதை ஷிப்லி தன் கண்ணால் கண்டார்.

வான் உச்சிக்கு வந்து சேர, சரோஜினிதேவி வழியில் வாங்கிய அவித்த சோளத்தைச் சாப்பிட்டு முடிக்கிற நேரம். கையில் போன்.

"சஜீத்துக்கோ?" நாகேந்திரம் யன்னலால் தலையை நீட்டினார்.

"தங்கச்சிக்கு. சோறு போடச் சொன்னனான். வான் நிக்கேல்லைத்தானே. கிடக்கட்டும், விக்கத் தேவையில்லை."

கற்பூரத்தில் அடிக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: சஜீத் அந்த வானை வாங்கி இரத்மலானைக்கு ஓட்டிக்கொண்டு போனது, இந்தப் பயணத்துக்கு மூன்று மாதம் முந்தியே, தைப்பொங்கலன்று.